அந்நியர், நிலை இரண்டு

என் மகளுக்குப் பழகத் தெரியாது என்று முதன்முதலில் எனக்குச் சொன்னவர் பள்ளித் தலைமையாசிரியை. சொன்ன விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், அப்புறம்தான் தலையில் கல்லைப் போட்டார்.

"உங்க பொண்ணு படிப்புல குறையே இல்லம்மா. ஆனா யார் முகத்தையும் பாக்க மாட்டேங்கிறா. நான் வகுப்புக்குள்ள போனா எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. இவ மட்டும் என் செருப்பைப் பாக்கிறா. நேத்து எல்லார் முன்னாடியும், 'டீச்சர், உங்க இடது குதிகால் தேஞ்சிருக்கு'ங்கிறா."

"தேஞ்சிருந்ததா டீச்சர்?"

"அதில்ல இப்ப விஷயம்."

விஷயம் வேறு. அவளுக்கு ஆட்டிசம் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போதே அவர்களுக்குத் தெரியும். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. இத்தனை நாள் யாருக்கும் அது இடைஞ்சலாகத் தெரியவில்லை. இப்போது மேலிடத்திலிருந்து புது விதி வந்திருக்கிறது. சமூகப் பிணைப்பு மரபியல் மையம் என்று ஒன்றைப் பெரிய கட்டடத்தில் திறந்திருக்கிறார்கள். அங்கே போய், பிள்ளைக்குப் பழகத் தெரியும் என்று சான்று வாங்கி வந்தால் வகுப்பிலேயே இருக்கலாம். வாங்காவிட்டால் நடைக்கூடத்தின் கடைசியில், உடைந்த பெஞ்சுகளைக் குவித்து வைத்திருக்கிற அறை. அங்கே அவளுக்கென்று ஒரு மேசை போட்டுத் தருவார்களாம். தனியாக, அமைதியாக.

என் மகளுக்கு உலகத்தில் ஒரே ஒரு சிநேகிதிதான். வகுப்பில் பக்கத்து இடத்துக்காரி, சரியான வாயாடி. இவள் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அந்த வாயாடியின் பக்கத்து இடம் போய்விட்டால் இவளுக்குப் பள்ளிக்கூடமே போய்விட்ட மாதிரிதான்.

நான் காலணிக் கடைக்காரி. என் அப்பா வைத்த கடை. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தை மடியருகே வைத்து, அளந்து, மாட்டிவிட்டு, "நடந்து பாருங்க" என்று சொல்வது என் வேலை. என் மகள் தவழ்ந்ததே அந்தக் கடைத் தரையில். பேச்சு தாமதமாக வந்தது. வந்தபோது முதலில் சொன்னது ஒரு எண், பக்கத்து மருந்துக்கடைக்காரரின் கால் அளவு. நாங்கள் இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம்.

மையத்தின் வாசலில் கண்ணாடிக் கதவு. அதன் மேல் ஒரு வட்டக் கேமரா. "முகம் பார்த்துச் சிரிக்கவும், கதவு திறக்கும்" என்று எழுதியிருந்தது. நான் சிரித்தேன். "சிரிப்பு போதவில்லை" என்று ஒரு குரல் சொன்னது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "நேர்மையாகச் சிரிக்கவும்" என்றது. பக்கத்திலேயே இன்னொரு கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்து போட்டிருந்தார்கள். ஊழியர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். நாங்களும் செங்கல்லைத் தாண்டி உள்ளே போனோம்.

கூடத்தின் நடுவில் பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே வயல் எலிகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. ஒரு தடவை ஜோடி சேர்ந்தால் பிரியாத சாதி எலியாம். ஹார்மோன் வேலை என்றார்கள். பெட்டிக்குக் கீழே, "ஊழியர்கள் கவனத்திற்கு" என்று போட்டு, "இவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்" என்று எழுதி, இயக்குநர் கையெழுத்திட்டிருந்தார்.

வரவேற்பாளர் நிமிராமலே ஒரு குழாயை நீட்டி, பிள்ளையை அதில் துப்பச் சொன்னார். என் மகள் துப்பினாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, "உங்க செருப்போட பச்சைப் பட்டை அறுந்துபோகப் போகுது. இன்னிக்கு மாடிப்படி ஏறாதீங்க" என்றாள். வரவேற்பாளர், "கண் தொடர்பு இல்லை" என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து வம்சாவளி அதிகாரி. குடும்பத்தில் யார் யார் எப்படிப் பழகுவார்கள் என்று கேட்டுக் கிளைகிளையாகப் படம் வரைகிறவர்.

"பேசும்போது நீங்க எங்கம்மா பாப்பீங்க?"

"காலை."

அவர் பேனா நின்றது. "உங்க அப்பா?"

"அவரும் காலைத்தான் சார்."

"அப்பாவோட அண்ணன் தம்பி?"

"சித்தப்பா ஒருத்தர். காலேதான்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "மூணு தலைமுறை! அப்படியே இறங்கியிருக்கு! இது மாதிரி ஒரு குடும்பம் கிடைக்காதான்னு தவம் கிடந்தோம்."

"சார், எங்களுக்குச் செருப்புக் கடை."

"அதெல்லாம் சூழல்மா. சூழலுக்கு வேற மேசை. அது இன்னும் திறக்கல." அவர் என் அப்பாவையும் சித்தப்பாவையும் சிவப்பு மையால் நிரப்பினார். செத்துப்போனவர்களுக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எச்சில் முடிவு வந்ததும் இயக்குநர் கூப்பிட்டார். அவருடைய மேசை முன்பக்கம் தரைவரை மரப்பலகையால் மூடியிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே உட்கார்ந்திருந்தார், போகும்வரை எழுந்திருக்கவில்லை. என் மகள் பலகையைப் பார்த்து, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன்மா," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "பால் கொடுக்கறப்போ, கட்டிப்பிடிக்கறப்போ எல்லாம் சுரக்கும். அது மூளையில போய் உட்கார ஏற்பின்னு ஒரு இடம் இருக்கு. அந்த ஏற்பியைச் செய்யற மரபணுல, உங்க பொண்ணுக்கு ஒரு எழுத்து வேற மாதிரி இருக்கு."

"ரொம்ப மோசமா சார்?"

"மோசம்னு இல்ல. கணிசமான ஜனங்களுக்கு அந்த எழுத்துதான்."

"அப்புறம் என்ன சார்?"

"நிறைய பேரைச் சேத்து வெச்சுப் பாத்தா, சராசரியில லேசா ஒரு சாய்வு தெரியும். சில ஆய்வுல தெரியும், சில ஆய்வுல தெரியாது. தெரிஞ்ச ஆய்வையெல்லாம் சுவத்துல மாட்டியிருக்கோம், பாருங்க."

"தெரியாத ஆய்வு?"

"சுவர் அவ்வளவு பெருசு இல்லம்மா."

"இந்த ஒரு எழுத்தை வெச்சு ஒரு பிள்ளை எப்படின்னு சொல்லிட முடியுமா சார்?"

"முடியவே முடியாது," என்றார் இயக்குநர் பெருமையாக. "அதனாலதான் சொல்ற அதிகாரத்தை எங்க கையில கொடுத்திருக்காங்க."

எனக்கு ஒரு சந்தேகம். "உங்களுக்கு எந்த எழுத்து சார்?"

"எனக்கும் அதே எழுத்துதான். ஆனா என்கிட்ட அது தலைமைப் பண்பா வெளிப்பட்டிருக்கு."

எச்சில் பாதிதான், நேரில் ஒரு சோதனை வைத்துப் பார்த்தால்தான் சான்று என்றார். அதை நடத்துகிறவர் துணை இயக்குநர். மேற்குப் பக்கம் இருக்கிறார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்" என்றேன். இயக்குநர் முகம் மாறிவிட்டது.

விவரத்தை வரவேற்பாளர், அந்தப் பச்சைப் பட்டைக்காரர்தான் சொன்னார். இயக்குநர் ஆக்சிடோசின்காரர், துணை இயக்குநர் வாசோபிரசின்காரர். இரண்டு ஹார்மோனும் அண்ணன் தம்பி மாதிரி, உருவத்தில் கொஞ்சம்தான் வித்தியாசமாம். இவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து, நம்பிக்கையும் ஒத்துழைப்பும் எப்படிப் பிறக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். யார் பெயர் முதலில் வருவது என்பதில் பேச்சு நின்றது. இன்றுவரை நின்றபடியே இருக்கிறது. கிழக்கும் மேற்கும் எலிப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆகிவிட்டன. கூட்டத்துக்கு முன்னால் எல்லாரும் மூக்கில் ஹார்மோன் தெளிப்பானைப் பீச்சிக்கொள்ள வேண்டும் என்று விதியே உண்டு. பீச்சிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, சண்டை போடுவார்களாம்.

"அது வேலை செய்யுதாம்மா?" என்று கேட்டேன்.

"முடிவுகள் கலவையா இருக்குன்னு அறிக்கையில எழுதுவாங்க," என்றார்.

சோதனை அறையின் கதவில் ஒரு பலகை: அந்நியர், நிலை இரண்டு. அது ஒரு பதவி. பிள்ளைகள் முன்பின் தெரியாதவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க, முன்பின் தெரியாத ஒருவர் வேண்டும் அல்லவா? அதற்கு நிரந்தரமாக ஒரு ஆளையே நியமித்திருந்தார்கள். அவரோடு மையத்தில் யாரும் பேசக்கூடாது. பேசினால் அவர் அந்நியர் இல்லாமல் போய்விடுவார், சோதனை கெட்டுவிடும். அவருக்குத் தனிப் படிக்கட்டு, தனிச் சாப்பாட்டு மேசை. எந்தப் பிள்ளைக்கும் எதையும் காட்டிக்கொடுக்காத சாம்பல் நிறச் சட்டை, மையமே கொடுத்த கறுப்பு ஷூ.

"நிலை ஒண்ணு யாரு சார்?" என்று துணை இயக்குநரிடம் கேட்டேன்.

"காலியா இருக்கு. அதுக்குச் சொந்த வீட்டுல உள்ளவங்களுக்கே தெரியாதவரா இருக்கணும். இவர் முயற்சி பண்ணிட்டிருக்கார்."

நானும் துணை இயக்குநரும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பிள்ளையை அறையில் விட்டுவிட்டு நான் வெளியேறியதும் அவள் அழ வேண்டும். பிறகு கதவைப் பார்க்க வேண்டும். பிறகு அந்நியர் பந்தை உருட்டி, "வா, விளையாடலாம்" என்பார். தயங்கி, அவர் முகத்தைப் பார்த்து, சிரித்து, பந்தைத் திருப்பி உருட்ட வேண்டும். இதுதான் பழகுவதன் முறை. அந்நியருக்கு அந்த ஒரு வாக்கியம் தவிர வேறு பேச அனுமதி இல்லை.

என் மகள் அழவில்லை. நேராக அந்நியரின் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய பையில் எப்போதும் கடையின் பழைய அளவுப் பலகை இருக்கும். அதை எடுத்தாள், அவர் பாதத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"ஒரு சைஸ் சின்னதாப் போட்டிருக்கீங்க. வலிக்கலையா?"

அந்நியர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். "வா, விளையாடலாம்."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"வா," என்றார் அந்நியர். பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை. "விளையாடலாம்."

அவள் காத்திருந்தாள். கடையில் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்பது போல, அவசரமே இல்லாமல். அந்தப் பெரிய மனிதர் குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னார்: "வலிக்குதும்மா."

துணை இயக்குநர் பக்கத்தில் எழுதினார்: பந்தைத் தொடவில்லை. பூஜ்யம்.

இரண்டாவது அமர்வு ஒன்று உண்டு என்றார்கள். அதில் தேறினாலும் போதுமாம். நான் வீட்டில் பந்து வாங்கிவந்து பழக்கப் பார்த்தேன். அவளோ கடையில் பரணில் ஏறிப் பெட்டி பெட்டியாகக் கீழே தள்ளி, அவர் அளவுக்கு ஒரு ஜோடி ஷூவைத் தேடி எடுத்தாள். வேண்டாம் என்றேன். "வலிக்குதுன்னு சொன்னாரே" என்றாள். நான் கீழே கிடந்த பெட்டிகளை அடுக்கினேன்.

அன்றைக்கு அந்நியர் புது ஷூவைப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அது கிறீச்சிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். வருஷக்கணக்காக ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதுவே வாயில் வருகிறதாம். சமையல் எரிவாயு தீர்ந்துபோச்சு என்று மனைவி சொன்னால், "வா, விளையாடலாம்" என்று சொல்லிவிடுகிறாராம். என் மகள் அவர் ஷூ முனையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்போ இடம் இருக்கு" என்றாள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் எதையும் பீச்சிவிடவில்லை.

மறுநாளே விசாரணை. குற்றச்சாட்டு, அந்நியர் அறிமுகமாகிவிட்டார் என்பது. அதற்கு முன்னால் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாருங்கம்மா, அவரைத் தெரியும்னு குழந்தை சொல்லிட்டா சோதனையே செல்லாது. சான்றும் கிடையாது. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்நியர்கிட்ட தானா போய்ப் பழகினதா எடுத்துக்கிட்டு நல்லபடியா எழுதிடறேன். எனக்கும் அந்நியர் பதவிக்கு வேற ஆள் தேடற வேலை மிச்சமாகும்."

அன்றிரவு அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்து உடைந்த பெஞ்சுகள்தான் கண்ணில் நின்றன.

"நாளைக்கு அவரைத் தெரியுமான்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லும்மா."

"தெரியுமே."

"தெரியும். ஆனா தெரியாதுன்னு சொல்லணும்."

"எதுக்கு?"

"உனக்குப் பழகத் தெரியும்னு எழுதிக் கொடுக்க."

சொன்ன பிறகு என் காதிலேயே அது விழுந்தது. என் வீட்டுக்காரர், எல்லாரும் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர், அவரே, "என்ன பேச்சு பேசறே நீ?" என்றார்.

விசாரணையில் ஊழியர்கள் அனைவரும் வரிசையாக நின்றார்கள். தெளிப்பான் சுற்றி வந்தது, மூக்குகள் உறிஞ்சின. இயக்குநர் ஒரு கோடியில் மேசையோடு வந்திருந்தார். நாலு பேர் தூக்கி வந்தார்களாம். மறுகோடியில் துணை இயக்குநர்.

அந்நியரைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது" என்றார். தன் வேலைக்காக இல்லை, இவள் சான்றுக்காகத்தான் சொல்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எங்கள் கடை ஷூவைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

என் மகளைக் கேட்டார்கள்.

"தெரியும்," என்றாள். "தெரியாதுன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. அம்மாவை இயக்குநர் சார் சொல்லச் சொன்னார்."

கூடத்தில் எலி புரளும் சத்தம் கேட்டது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்நியர் நிமிர்ந்தார். "தெரியும் சார்," என்றார். "எனக்கும் தெரியும்." அந்த நிமிஷமே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

"வேற ஒரு அந்நியரை வெச்சு மறுபடி பாக்கலாம்," என்றார் துணை இயக்குநர், சுவரைப் பார்த்து. "நம்ம ஆளுங்கள்ல குழந்தைக்குத் தெரியாத யாராவது இருந்தா போதும்."

என் மகள் வரிசையோடு நடந்தாள். "இவங்க பச்சைப் பட்டை, இப்போ தைச்சிட்டாங்க. இவர் நாங்க வர்றப்போல்லாம் இயக்குநர் கதவு வரைக்கும் வந்து தட்டாமத் திரும்பிப் போயிடுவார். இவங்க ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே நாள் வாங்கியிருக்காங்க, ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி நிக்கறாங்க. இவர் எலிக்குத் தீனி போடறவர், அடியில தவிடு ஒட்டியிருக்கு." துணை இயக்குநரிடம் வந்ததும், "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலாட்டறவர். லேஸ் எப்பவும் அவிழ்ந்திருக்கும்" என்றாள்.

அந்த வரிசையில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டிருந்தால் பாதிப் பேருக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பழகத் தெரியும் என்பது நியமனத்திலேயே முடிவான விஷயம்.

அவளுக்குத் தெரியாத ஒரே ஆள், மரப்பலகைக்குப் பின்னால் காலை மறைத்து உட்கார்ந்திருந்தவர். விதியை எழுதியவரே அவர். அதனால் தப்பிக்க வழியில்லை. இயக்குநர் மேசையை விட்டு எழுந்தார்.

சோதனை அறையில் அவர் பந்தை உருட்டினார். "வா, விளையாடலாம்." மற்றவர்களுக்கென்று எழுதிய வாக்கியம் தன் வாயில் எப்படி இருக்கிறது என்று அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

அவள் அவர் காலைப் பார்த்தாள். வீட்டில் போடுகிற தேய்ந்த செருப்பு. ஒன்று பழுப்பு, இன்னொன்று கறுப்பு.

"வேற வேற ஜோடி."

"ம். யாரும் பாக்கறதில்ல."

"நான் பாக்கறேன்."

அதோடு இயக்குநருக்கு அணை உடைந்தது. காலையில் செருப்பு மாறியிருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாததில் ஆரம்பித்தார். அதை மறைக்கத்தான் அந்த மேசையைப் பலகையால் மூடச் சொன்னதாகச் சொன்னார். துணை இயக்குநரும் அவரும் மாணவர்களாக ஒரே அறையில் இருந்தது, ஒரே கெட்டிலில் மாறி மாறித் தேநீர் போட்டது, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் போர்வையைக் கொடுத்துவிட்டு நடுங்கியது எல்லாம் வந்தது. கெட்டில் பேச்சு வந்ததும் என் பக்கத்தில் இருந்த துணை இயக்குநர் சட்டென்று எழுந்து, லேஸ் தரையில் இழுபட, மேற்குப் பக்கம் போய்விட்டார். என் மகள் அளவுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

வெளியே வந்து இயக்குநர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினார்.

"பூஜ்யம்மா. பேசினது முழுக்க நான். குழந்தையோட பங்களிப்பு ரொம்பக் கம்மி. கொடுத்து வாங்கற தன்மை இல்ல. பழகத் தெரியலைன்னுதான் எழுதணும்."

எனக்கு வந்த கோபத்தில் நாக்கு குழறியது. "நீங்க வாயை மூடினாத்தானே சார் அவ பேச!"

"அதை மேல்முறையீட்டுல சொல்லலாம்."

நான் பிள்ளையின் கையைப் பிடித்தேன். இனி அந்த அறையும் அந்த மேசையும்தான், காலையில் போய் இவளை நானே அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தபோது கண் மறைத்தது. கதவருகே போனதும் பின்னாலிருந்து இயக்குநர் குரல், கொஞ்சம் சன்னமாக:

"அடுத்த வாரமும் கூட்டிட்டு வருவீங்களா? சோதனைக்கு இல்ல. சும்மா."

நான் திரும்பினேன். "பழகத் தெரியாத பிள்ளைகிட்ட உங்களுக்கு என்ன சார் வேலை?"

அவர் தன் இரண்டு நிறச் செருப்பைப் பார்த்தார். பிறகு தாளை இழுத்துக் கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, பழகத் தெரியும் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"துணை இயக்குநர் கையெழுத்தும் வேணுமே."

"போய் வாங்குங்க சார்."

"நாங்க பேசறதில்லம்மா." கையைப் பிசைந்தார். "எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

என் மகள் அவருக்காக யோசித்தாள். "லேஸ் அவிழ்ந்திருக்குன்னு சொல்லுங்க," என்றாள்.

ஒரு மனிதர் இரண்டு நிறச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தாளோடு, கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனார். கதவுகளின் இடுக்கில் ஊழியர்களின் தலைகள் தெரிந்தன. எலிப்பெட்டியைத் தாண்டினார். துணை இயக்குநர் தன் அறை வாசலிலேயே நின்றிருந்தார்.

"உங்க லேஸ் அவிழ்ந்திருக்கு," என்றார் இயக்குநர்.

துணை இயக்குநர் குனிந்து பார்த்தார். "ஆமா."

"தடுக்கி விழுந்திடப் போறீங்க."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. துணை இயக்குநர் தாளை வாங்கி, படிக்காமல், கையெழுத்துப் போட்டார். அப்புறம் குனிந்து லேஸைக் கட்டினார். அது வெகுநேரம் பிடித்தது.

இந்த நிகழ்ச்சியை மையம் வீணாக்கவில்லை. மூத்த ஊழியர்களிடம் திடீரென ஏற்பட்ட சமூகப் பிணைப்பு என்று ஒரு கட்டுரை தயாரித்தார்கள். காரணம், தெளிப்பானின் தாமதமான விளைவாக இருக்கலாம் என்று கண்டார்கள். என் மகள் அதில் "அன்று கட்டடத்தில் இருந்த சிறு இடையூறு" என்று வருகிறாள். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் இப்போது இருவருக்கும் மறுபடி பேச்சு இல்லை. அந்நியர் பதவிக்கு விளம்பரம் செய்தார்கள். யாருக்கும் தெரியாதவராக இருக்க வேண்டும் என்பது தகுதி. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் மையத்து ஊழியர்கள்தானாம். எல்லாருக்குமே தகுதி இருந்ததால் தேர்வு இழுத்துக்கொண்டு போகிறது என்று பச்சைப் பட்டைக்காரர் சொன்னார்.

பழைய அந்நியர் இப்போது என் கடையில் இருக்கிறார். ஷூ மாட்டிவிடுவதில் கெட்டிக்காரர், ஆனால் பேச்சை நிறுத்தத் தெரியவில்லை. செருப்பு வாங்க வந்தவர்களின் மாமியார் உடம்புவரை விசாரித்து அனுப்புகிறார். வாங்காதவர்கள்கூட வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சில சாயங்காலம் இரண்டு நிறச் செருப்போடு ஒருவர் வருவார். புது ஜோடி எதையும் வாங்கமாட்டார். என் மகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

சான்றைத் தலைமையாசிரியை படிக்கவில்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், கோப்பில் வைத்தார். அவர் செருப்பின் இடது குதிகாலைச் சரிசெய்திருந்ததை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

போகும்போது வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு வாயாடிக்குத் தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை போலிருக்கிறது, கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கரும்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் அவள் ஷூ முனையும் இவள் ஷூ முனையும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று லேசாகத் தட்டியது, மற்றது திருப்பித் தட்டியது.

ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வை இல்லை. மையத்தின் கணக்குப்படி இரண்டு பேருக்கும் பூஜ்யம்.